கடைசிநாள்காரர் சொன்ன உண்மை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்று சக்கர வண்டியின் தலையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, மெத்தைக் கடையின் தள்ளுபடியைத் தெருத்தெருவாகக் கூவியே இருபத்திரண்டு வருடம் பிழைத்தவர் அவர். "இன்றே கடைசி நாள்" என்பார். மறுநாளும் அதையே சொல்வார், அடுத்த மாதமும் சொல்வார். ஊர் அவருக்குக் கடைசிநாள்காரர் என்றே பெயர் வைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் வைத்தவர்கள்தானே மெத்தையும் வாங்கினார்கள்!

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் ஒரு நாள் காலை நகராட்சி புயல் எச்சரிக்கைத் தாளைக் கொடுத்தது. சாயங்காலத்துக்குள் கடலோர வரிசை வீடுகள் காலியாக வேண்டும். வரிசையின் கடைசி வீட்டில் அவருடைய அக்கா தனியாக இருந்தாள்.

"திடீர்னு எங்கேருந்தும்மா வருது இது?" என்று தாளோடு வந்திருந்த வானிலை அலுவலகத்து அம்மாவிடம் கேட்டார்.

"திடீர்னு இல்லைங்க, ஒரு வாரமா வளருது. கடல் மேல்தண்ணி நல்லா சூடாயிருக்கு. ஈரக்காத்து மேல ஏற ஏற, அந்த இடத்துக்குச் சுத்தியிருக்கிற காத்து ஓடி வருது. பூமி சுத்துறதால நேரா வராம சுழலுது. சூடான தண்ணிதான் அதுக்குத் தீனி. கரை ஏறினா தீனியில்லாம அடங்கிடும். ஆனா ஏறும்போது கடலையும் தள்ளிக்கிட்டு வரும். காத்தைவிட அந்தத் தண்ணிக்குத்தான் பயப்படணும்."

அவர் வண்டியை எடுத்தார். பழகிய வாய் சும்மா இருக்குமா? "அன்பான பொதுமக்களே, வீடுகளைக் காலி செய்ய இன்றே கடைசி நாள்!" என்று பாழாய்ப்போன அதே ராகத்தில் இழுத்துவிட்டது. வரிசையே சிரித்தது.

"புயலுக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடிண்ணே?" என்று கேட்டார் படகு பழுதுபார்ப்பவர்.

மூன்று முறை சுற்றியும் ஒரு வீடும் பூட்டப்படவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அக்கா வீட்டுக்குள் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேச்சைக் கேட்டு ஓடிப்போய் மெத்தை வாங்கினேனே, ஞாபகமிருக்காடா? ஆறு மாசம் கழிச்சும் அதே விலைக்கு அங்கேயே கிடந்துச்சு. இந்தச் சுவர் எத்தனையோ காத்தைப் பார்த்தாச்சு. போய் வேலையைப் பாரு."

கூடப்பிறந்தவளே நம்பவில்லை என்றால் ஊரை என்ன குறை சொல்ல? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தினதற்கு ஒரு தெருவே கெடப்போகிறது. அவர் வண்டிக்குத் திரும்பிப் போய் மைக்கை எடுத்தார். இந்த முறை ராகம் இல்லை.

"நான்தான் பேசுறேன். இருபத்திரண்டு வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன். மெத்தைக்குக் கடைசி நாள்னு ஒண்ணு இருந்ததே இல்ல. முதலாளி சொல்லச் சொன்னாரு, சொன்னேன். எங்க அக்காவையும் அப்படித்தான் ஏமாத்தினேன். இப்ப வர்றது காத்து மட்டும் இல்ல, கடலே வருது. அதுக்குச் சுவர் தெரியாது. அக்கா, எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான். வந்துரு."

அக்கா துணி மூட்டையோடு வெளியே வந்தாள்.

"நம்ம மானத்தைக் கப்பலேத்திட்டான்," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். "பொய்யா இருந்தா இப்படி ஒத்துக்கிட்டிருக்க மாட்டான். கதவைப் பூட்டு, போவோம்."

அவள் நடந்ததும் வரிசையே பின்னால் நடந்தது. பள்ளிக்கூட மாடியில் அறுபத்தொரு பேர் படுத்தார்கள். விடிந்து வந்து பார்த்தால் பாதி வீடுகளுக்குச் சுவரே இல்லை. அக்காவின் மெத்தை மூன்று தெரு தள்ளி ஒரு மதில்மேல் தொங்கியது. உயிர் ஒன்றும் போகவில்லை.

மெத்தைக் கடை முதலாளி அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது கடைக்காகப் பதிவு செய்த குரல் ஒன்று கத்துகிறது. அவருக்குக் குடிநீர் வராத நாள், காணாமல் போன பிள்ளை, ரத்ததான முகாம் என்று சில்லறை அறிவிப்புகள்தான். வருமானம் பாதியாயிற்று. வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அடுத்த வருடம் மறுபடி புயல் கிளம்பியது. அவர் வரிசையின் முனையில் நின்று மைக்கை எடுத்து, "நான்தான். கிளம்புங்க," என்றார். அவ்வளவுதான். வரிசையில் கதவுகள் பூட்டப்படும் சத்தம் கேட்டது. கடைசி வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, அக்கா மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றாள்.