ஈரச் சுவரும் ஒரு தலைவர் படமும்

2010இல் பிரான்சில், ரூ லூயி-பிளாங்க் தெருவில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நான் சமையல்காரன். நான் சமைக்கும் குசினியின் சுவர் ஈரம் ஊறிப் பெயர்ந்ததால், முதலாளி ஒரு போலந்துக்காரரைப் பெயின்ட் அடிக்கக் கூட்டிவந்தார். எழுபதை எட்டியவர். எனக்கும் பிரெஞ்சு வராது, அவருக்கும் வராது. கையால் காட்டியே சமாளித்தோம்.

அவர் நின்ற ஏணி சரியப் பார்த்தபோது என் வாயில் ரஷ்யன் வந்துவிட்டது: "பிடியுங்கோ, விழப்போறியள்!" பிரான்சுக்கு வரும் வழியில், காசு வாங்கி ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்னை மொஸ்கோவில் இரண்டு வருடம் போட்டுவைத்திருந்தான். அங்கே பழகியது.

அவர் என்னை முறைத்தார். "அந்தப் பாஷையை நான் பேசமாட்டன்" என்றார், சுத்தமான ரஷ்யனில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

வேறு வழியில்லை. மதியம் சாப்பிடும்போது அதிலேயே பேசினோம்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் சோவியத் படை போலந்தில் அவர் ஊருக்குள் வந்து அவருடைய அப்பாவைச் சிறையில் போட்டது. ஜேர்மனி சோவியத்தைத் தாக்கியதும், அதே ஆட்கள் அப்பாவை வெளியே விட்டு, துப்பாக்கி கொடுத்து, தோழர் என்றார்கள். போர் முடிந்தபின் பள்ளியில் இவருக்கு ரஷ்யன் கட்டாயம். விடுதலை தந்த அண்டை நாட்டுக்கு நன்றிக் கடிதம் எழுதும் போட்டியில் அவருக்கே முதற்பரிசு: சோவியத் தலைவரின் பெரிய படம்.

"அப்பா என்ன சொன்னவர்?"

"சுவரிலை ஈரம் பிடிச்ச இடத்தை அளந்து பாத்தார். படம் அளவாய் மூடிச்சுது."

தலைவர் இறந்து சில வருடங்களில், அவர் செய்தது பிழை என்று கட்சி மேலிடமே சொல்லிவிட்டது. படங்களைக் கழற்றச் சொன்னார்கள். அப்பா கழற்றவில்லை, கழற்றினால் ஈரம் தெரியும். அந்தத் தலைவரின் சிறையில் கிடந்தவரையே, அவருடைய விசுவாசி என்று கட்சி அலுவலகத்தில் விசாரித்தார்கள்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மூண்டு தரம் கூப்பிட்டவங்கள்" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

குசினி வாசலில் நின்ற முதலாளி, "தம்பி, உமக்குப் போலிஷ் தெரியுமெண்டு சொல்லவேயில்லையே" என்றார்.

"அண்ணை, இது ரஷ்யன்."

"எல்லாம் ஒண்டுதானே."

நல்லவேளை, பெரியவருக்குத் தமிழ் தெரியாது.

அடுத்த மாதம் கடைக்கு மாபிள் கல் பதிக்க வேறொரு போலந்துக்காரர் வந்தார், வயது இருபத்தைந்து இருக்கும். முதலாளி என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார். ரஷ்யனில் வணக்கம் சொன்னேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் படித்த காலத்தில் அது கட்டாயமில்லை என்று பிறகு பெரியவர் சொன்னார். வழியில்லாமல் பெரியவருக்குப் போன் எடுத்தேன். முதலாளி தமிழில் சொல்ல, நான் ரஷ்யனில் சொல்ல, பெரியவர் போலிஷில் சொன்னார். கக்கூசுக்கு எந்த நிற மாபிள் என்று முடிவாக முக்கால் மணித்தியாலம் எடுத்தது.