மைசூர்க் கடலுக்கு உப்புக் கம்மி

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பெயிண்ட் கடையில் தருகிற நிற அட்டையில் இருக்கும் பெயர்களை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்று ‘ஸீ கிரீன்’. ஸீ என்றால் கடல். எண்பது, தொண்ணூறுகளில் மைசூரில் முன்னறைக்கு அந்த நிறத்தைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள். “கடல் மாதிரியே இருக்குமாப்பா?” என்று வீட்டுக்காரர் கேட்டால், “அச்சு அசல் கடல் சார்” என்பேன். பத்து வருஷம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். கடலை நான் கண்ணால் பார்த்தது கிடையாது.

பிள்ளைகளே, ஒரு பொய்யைப் பத்து வருஷம் சொன்னால் அது நமக்கே உண்மை மாதிரி ஆகிவிடும். என் மகள் விஷயத்தில் அதுதான் நடந்தது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. “கடல் காட்டுங்கப்பா” என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க நச்சரித்தாள். நான் அவளைக் கன்னம்பாடி அணைக்குக் கூட்டிப்போனேன். மைசூரில் அதைக் ‘கட்டே’ என்போம். ஆனால் பலகையில் எழுதியிருக்கும் பெரிய பெயரின் கடைசியில் ‘சாகர’ என்று இருக்கும். சாகரம் என்றால் கடல்தானே? பலகையே என் பக்கம் இருக்கிறது. பிறகு என்ன பயம்?

“இதுதான் கடல்” என்றேன்.

அவள் கீழே இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “உப்பே இல்லையே?” என்றாள்.

“மைசூர்க் கடலுக்கு உப்புக் கம்மி” என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும், விடுமுறையில் பார்த்த இடத்தைப் பற்றிக் கன்னடத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் கடலைப் பார்த்ததாகவும், தண்ணீர் குடிக்க நன்றாக இருந்ததாகவும், கடலுக்கு மேலே பாலம் மாதிரி சுவர் கட்டியிருப்பதாகவும் ஒரு பக்கம் எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையில் ‘இது அணை’ என்று எழுதினார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ‘கட்டே சமுத்ரா’.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. நான் என்ன சொன்னாலும் “சுள்ளு” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கன்னடத்தில் அதற்குப் பொய் என்று அர்த்தம். சாப்பாடு ஆகிவிட்டது என்றால் சுள்ளு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால், நாள்காட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற பிள்ளை அது. இந்த ஒரு வார்த்தையை மட்டும் தவறாமல் கன்னடத்திலேயே சொன்னாள்.

“ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு நெசக் கடலக் காட்டிப்போட்டு வாங்க. இல்லைன்னா நாளைக்கு நீங்கதான் அப்பான்னு சொன்னாலும் நம்பாது” என்றாள் என் மனைவி. அவள் கௌதள்ளி என்கிற எல்லையோர ஊர்க்காரி. கேலியைக்கூட மரியாதையோடுதான் செய்வாள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அப்போது கார்வாரில் இருந்தார். புது ரயில் பாதைக்காக மலையில் சுரங்கம் குடைகிற இடத்தில் மேஸ்திரி வேலை. “வாங்க மாப்ள, இங்க கடல் சும்மாதான் கெடக்குது” என்று கடிதம் போட்டார். தசரா விடுமுறையில், ஊரே மைசூருக்கு வருகிற நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் மைசூரை விட்டுக் கிளம்பினோம். ஹூப்ளியில் பஸ் மாறி, காட்டு மலையில் வளைந்து வளைந்து இறங்கி, மறுநாள் மத்தியானம் கார்வார் போய்ச் சேர்ந்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மகள் நாலு பக்கமும் பார்த்தாள். ஊருக்குப் பின்னால் மலை. தெற்கே மலை. ஊரை ஒட்டி ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்கேயும் மலை.

“அப்பா, கட்டேயை மலைக்கு நடுவுலதானே கட்டுவாங்க?” என்றாள்.

நான் அவசரமாக மச்சானைத் தேடினேன்.

மச்சான் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், கடல் என்பது பனைமர உயரத்துக்கு எழும்பி, ‘ஓ’வென்று கத்திக்கொண்டு வரும். அங்கே பார்த்தால் தண்ணீர் பரம சாதுவாகப் படுத்திருந்தது. அலை முழங்கால் உயரம்கூட இல்லை. இடது பக்கம் ஒரு மலை தண்ணீருக்குள் கால் நீட்டியிருந்தது. எதிரே இன்னும் சில மேடுகள் பச்சையாக நின்றன. அதைவிட மோசம், நிறம். கரையோரம் செம்மண் கரைசல். கொஞ்சம் தள்ளி, இரும்புக் கதவுக்கு முதலில் அடிக்கிற பிரைமர் மாதிரி ஒரு சாம்பல். எங்கே போயிற்று ஸீ கிரீன்? உண்மையைச் சொன்னால், எனக்கே சந்தேகம் வந்து மதகு எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினேன்.

“அந்தப் பக்கம் கரை தெரியுது. கடலுக்கு அந்தப் பக்கக் கரை தெரியாதுன்னு டீச்சர் சொன்னாங்க” என்றாள் மகள்.

“அது தீவு கண்ணு. அதுக்குப் பின்னால பூராவும் கடல்தான்” என்றார் மச்சான்.

“நீங்க போய்ப் பாத்தீங்களா மாமா?”

மச்சான் என்னைப் பார்த்தார். “என்னங்க மாப்ள, புள்ளைய வக்கீலுக்குப் படிக்க வெக்கிறீங்களா?”

நான் விறுவிறுவென்று தண்ணீருக்குள் நடந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்து, முகத்தை நன்றாகச் சுளித்தேன். “அப்பப்பா, உப்பு! நீயும் வந்து பாரு கண்ணு.”

பக்கத்தில் ஒரு அம்மாள் கூடையோடு மீனை அலசிக்கொண்டிருந்தார். “மீன் குளிச்ச தண்ணி, எனக்கு வேணாம்” என்றாள் மகள். “நீங்க நடிக்கிறீங்க. கசப்பு மருந்தைக் குடிச்சிட்டு இனிக்குதுன்னு முகம் காட்டினீங்கள்ல?”

அதுவும் நான் செய்ததுதான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் செய்திருக்கிறேன். என் முகத்துக்கு அந்த வீட்டில் மதிப்பே இல்லாமல் போயிருந்தது.

“நீங்க இதுக்கு முன்னாடி கடல் பாத்திருக்கீங்களா?” என்று திடீரென்று கேட்டாள்.

“ஓ, பாத்திருக்கேனே” என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. என் மனைவிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அதே சமயம் ஒரு சின்ன அலை வந்து என் இடது கால் செருப்பை உருவிக்கொண்டு போயிற்று. மச்சான் ஓடினார், கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில், ஊருக்குக் கிளம்புவதற்கு முன், மகள் ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர்கிட்ட குடுப்பேன். அவங்க சொன்னா நம்புறேன்” என்றாள். நாங்கள் குடிக்கிற தண்ணீரும் அதே மாதிரி பாட்டிலில்தான் இருந்தது. அதனால் தன் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கடல் பாட்டிலின் கழுத்தில் கட்டினாள். இரண்டு பாட்டிலையும் ஒயர் கூடையில் வைத்தோம். மச்சான் வழியில் சாப்பிட மீன் வறுவல் கட்டிக்கொடுத்தார்.

மத்தியான பஸ். மலை ஏறத் தொடங்கியதும் குளிர்ந்த காற்று வந்து மகள் தூங்கிப்போனாள். அவள் தலைமுடி பறந்து பறந்து என் மனைவியின் வாய்க்குள் போயிற்று. கூடையில் பாட்டில் கழுத்தில் ரிப்பன் சும்மா இருப்பதைப் பார்த்து, மனைவி அதை அவிழ்த்துப் பிள்ளைக்குப் பின்னல் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்ல முடியாது.

மீன் வறுவலின் காரத்தில் எனக்குத் தாகம். கூடைக்குள் கையை விட்டு, அகப்பட்ட பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து மூன்று மடக்கு விட்டேன்.

என்ன சொல்வது! நாக்கு, தொண்டை, மூக்கு, காதுவரைக்கும் உப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். பஸ் முன்னால் போகிறதல்லவா, துப்பியது பின்னால் போயிற்று. பின் ஜன்னலிலிருந்து ஒருவர், “மளே பந்தா?” என்று கேட்டார். மழை வந்துவிட்டதா என்கிறார்.

நான் “ஹ்ராக், ஹ்ராக்” என்று தொண்டையைச் செருமிக்கொண்டே திரும்பினேன். மகள் விழித்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“அம்மா, அப்பா நடிக்கல. அது சமுத்ரம்தான்!”

என் மனைவி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே எழுந்து வந்துவிட்டார்.

இன்னொரு பாட்டிலில் இருந்த நல்ல தண்ணீரைக் குடித்து மூச்சு வந்த பிறகு, இதுதான் சமயம் என்று சொல்லிவிட்டேன். “கண்ணு, நானும் முந்தாநாள்வரைக்கும் கடலைப் பாத்ததில்ல. நேத்துதான் மொதல் தடவை.”

“தெரியும்” என்றாள் அவள். “செருப்பைக் கழட்டாம தண்ணிக்குள்ள போனீங்களே. பாத்தவங்க யாராவது அப்படிப் போவாங்களா?”

ஹூப்ளிவரைக்கும் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு.

மிச்சக் கடல் பள்ளிக்கூடம் போயிற்று. வகுப்பில் எல்லாரும் விரல் விட்டு நக்கிப் பார்த்தார்களாம். டீச்சரும் பார்த்து முகம் சுளித்தாராம். ‘கட்டே சமுத்ரா’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. நானும் வேலைக்குப் போகிற வீடுகளில், “ஸீ கிரீன் கடல் மாதிரி இருக்காது சார், அட்டையில இருக்கிற மாதிரி இருக்கும்” என்று சொல்ல ஆரம்பித்தேன். அதனால் யாரும் வேறு நிறத்துக்குப் போய்விடவில்லை.

பாட்டிலில் அதற்குப் பிறகும் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. மகள் அதை வாசல் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து நான், “வர்ற ஞாயித்துக்கிழமை கட்டாயம் சர்க்கஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று வாயைத் திறந்தால் போதும், பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள்.

“ஒரு மடக்குக் குடிச்சிட்டுச் சொல்லுங்கப்பா.”

உடனே, “முடிஞ்சா கூட்டிட்டுப் போறேன்” என்று மாற்றிச் சொல்லிவிடுவேன்.