நோன்புக் கள்ளன்

எங்கள் ஊரில் எனக்கு நோன்புக் கள்ளன் என்று ஒரு பெயர் உண்டு. ரம்ஜான் மாதத்தில் பகலில் ஒளிந்து சாப்பிடுகிறவனை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் பேசுவது தமிழ்தான் என்றாலும், திட்டுவதற்கு மலையாளமும் கைகொடுக்கும். தங்கை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இனி உண்மையைச் சொன்னால் யாருடைய கல்யாணமும் நிற்காது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் முகம் சுடத்தான் செய்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது இருக்கும். அத்தாவுக்குச் சந்தை அருகில் ஜவுளிக்கடை. எனக்கு வலிப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. "அது வந்துச்சா?", "அது வரலையே?" என்றுதான் பேச்சு. முதல்முறை வந்தபோது அம்மா சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் திணித்துவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாளாம். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நினைவு திரும்பி, வேட்டி நனைந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கும் அந்தக் கவலைதான் முதலில் வந்தது.

கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். காலை, மதியம், இரவு. வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். அத்தா சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் வாங்கி வந்து ஒரு காலிப் பொடி டப்பாவில் போட்டு வைப்பார். மாத்திரை அதை அடக்கியது, கூடவே என்னையும் பாதி அடக்கிவிட்டது. எப்போதும் தூக்கக் கலக்கம். கஜக்கோலை வைத்துத் துணி அளந்தால் பாதியில் கணக்கு மறக்கும். தூங்குமூஞ்சி என்று வாடிக்கைக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைப்பேன். சோம்பேறி என்று பேர் வாங்குவது எவ்வளவோ தேவலை.

நோன்பு மாதம் வந்தால்தான் சிக்கல். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்கு வேண்டும் என்றால் என்ன நோய் என்று கேட்பார்களே! பார்க்க நான் நன்றாகத் தின்று கொழுத்த ஆள் மாதிரி இருந்தேன். முந்தைய வருஷம் மதிய மாத்திரையை மட்டும் விட்டுப் பார்த்தோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வீட்டுக் கூடத்திலேயே விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதனால் இந்தத் தடவை மதியம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை போட்டுக்கொள்வது என்று அத்தா முடிவு செய்தார். ஊரைப் பொறுத்தவரை நான் நோன்பாளி. தங்கைக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை பேசி, பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. குடும்பத்தில் வலிப்பு இருக்கிறது என்று யாராவது மூச்சு விட்டால் போதும். அந்தச் சம்பந்தம் போகும், அடுத்த சம்பந்தமும் வராது.

அன்று சந்தை நாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் கூட்டம் நெரிந்ததால் வீட்டுக்குப் போய்வர வழியில்லை. "துணிக்கட்டுக்குப் பின்னால போய் நின்னு முழுங்கிக்க" என்று அத்தா காதோரம் சொன்னார். நோன்பு மாதம் என்று கடையில் தண்ணீர்ப் பானையே வைக்கவில்லை. காய்ந்த தொண்டையில் அந்தக் கசப்பு எப்படி இறங்கும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு, பஸ் நிற்கும் இடத்திலிருந்த டீக்கடைக்கு நடந்தேன்.

அந்தக் கடையின் பின்பக்கம் ஒரு சாக்குப் படுதா தொங்கும். நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்கள் சிலர் அதற்குப் பின்னால் டீயும் பீடியுமாய் உட்கார்ந்திருப்பது ஊரறிந்த ரகசியம். அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன் நான். இப்போது தலையைக் குனிந்தபடி அதே படுதாவுக்குள் நுழைந்தேன்.

"டீ போடட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க, தண்ணி மட்டும் குடுங்க."

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்கினேன். படுதா விலகியது. நின்றவர் எங்கள் பக்கத்துக் கடை மிளகாய் மண்டிக்காரர். பொள்ளாச்சிச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். என் கையைப் பிடித்துச் சந்தை நடுவே இழுத்துக்கொண்டு போனார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாத்திரை நாக்குக்கு அடியில் கசந்துகொண்டிருந்தது.

"ராவுத்தரே, உங்க மவன் படுதாவுக்குள்ள நின்னு தண்ணி குடிக்கறானுங்க!" என்றார், சந்தைக்கே கேட்கும்படி.

அத்தா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நான் தப்பிப்பேன், சும்மா இருந்தால் தங்கை தப்பிப்பாள். கஜக்கோலைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அது வந்த நாளிலிருந்து என்மேல் கை நீட்டாதவர். எங்கேயாவது தலையில் இடித்துக்கொள்வேனோ என்று, நான் நிலைப்படி தாண்டும்போதுகூடப் பார்த்துக்கொண்டே இருப்பவர்.

"வயித்துப் பசி அவ்வளவு பெருசாப் போச்சாடா? போ ஊட்டுக்கு!"

துணி வாங்க நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். கன்னம் எரிந்ததைவிட அந்தச் சிரிப்புதான் எரிந்தது. அத்தனை அவமானத்திலும், நல்லவேளை, அது தெரியவில்லை என்று ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்யச் சொன்னார்கள். தொழவைக்கும் அசரத் நல்ல மனிதர். "உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையாப்பா? இருந்தாச் சொல்லு, அதுக்கு விலக்கு இருக்கு" என்று வழிகூட எடுத்துக் கொடுத்தார். முன்வரிசையில் அத்தாவின் முதுகு அசையாமல் இருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க. பசி தாங்கலீங்க" என்றேன்.

"இனிமே செய்வியா?"

"அல்லா மேல ஆணையாச் செய்ய மாட்டனுங்க."

பொள்ளாச்சிக்காரர்கள் கேள்விப்பட்டுச் சிரித்தார்களாம். சின்னப் பையன், ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்றார்களாம். சம்பந்தம் உறுதியானது.

தௌபா செய்த மறுநாள் மதியம் நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஆணையிட்டவன் எந்த முகத்தோடு போவது? விழுந்தால் விழுகிறேன் என்று வீம்பாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கடைப் பலகைகளை அடைத்தார். துணிக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கூஜாவை எடுத்தார். நோன்பும் அதுவுமாக, வீட்டிலிருந்து துணியில் சுற்றித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்.

"முழுங்கு."

"பள்ளியில ஆணை போட்டிருக்கனுங்க அத்தா."

"போட வச்சது நான்தானே? அந்தப் பாவம் எங் கணக்குலயே எழுதட்டும். நீ முழுங்கு."

நோன்பில் காய்ந்து வெடித்த உதட்டோடு டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக் குடித்தேன். அவர் டம்ளரைத் திரும்ப வாங்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு நான் அடிச்சப்ப, மாத்திரை உள்ள போயிருந்துச்சா? வெளிய விழுந்துருச்சா?"

"நீங்க அடிச்சப்பத்தானுங்க தொண்டையில எறங்குச்சு" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு துணிக்கட்டுகளின் பக்கம் திரும்பிவிட்டார். வெளியே யாரோ பலகையைத் தட்டி, கடை உண்டுங்களா என்று கேட்டார்கள். நான் கையிலிருந்த டம்ளரைத் துணிக்கட்டுக்குள் ஒளித்து வைத்தேன்.