தொடாதீங்க சிஸ்டர்

தலைக்காய வார்டில் அந்த நர்ஸுக்குப் பட்டப்பெயர் ‘தொடாதீங்க சிஸ்டர்’. மூக்குக் குழாய்ப் பக்கம் உறவுக்காரர் கை நீண்டாலே போதும், அவள் குரல் முந்திக்கொள்ளும். சிடுமூஞ்சி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் ஒன்றும் அப்படிப் பிறக்கவில்லை.

முன்பொரு முறை, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். “இப்படிப் பட்டினியாக் கிடக்கிறாரே தங்கச்சி!” என்று அவர் மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தலைதான்க்கா தூங்குது, வயிறு முழிச்சிட்டுதான் இருக்கு. அடிபட்ட உடம்பு படுத்த இடத்துலயே ஓடுற ஆள் மாதிரி சத்தைக் கேக்கும். அதுக்குத்தான் இந்தக் குழாய்.”

தலைமாட்டை உயர்த்தி வைப்பது, முன்பு கொடுத்தது வயிற்றில் தேங்கியிருக்கிறதா என்று சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பது, சத்துப்பாலைக் குழாயில் மெல்ல இறக்குவது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். வாயில் மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது என்றும் சொன்னாள். அக்காவுக்குக் கை பழகிவிட்டது. நர்ஸுக்கும் மனசு இளகிவிட்டது. “இனிமே நீங்களே குடுங்கக்கா” என்றாள்.

கொத்தனார் கண் திறந்தார், உதட்டை அசைத்தார். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய நேரம் பார்த்து, அக்கா ஒரு கரண்டிப் பாலை அவர் வாயில் ஊற்றினாள். விழுங்க மறந்த தொண்டை அது. பால் நுரையீரலுக்குள் இறங்கி, மனுஷன் நீலம் பாரித்து மூச்சு மெஷினுக்குப் போனார்.

“வாயில குடுக்கச் சொன்னது யாரு?” என்று டாக்டர் கத்தினார்.

அக்கா கண்கூடச் சிமிட்டவில்லை. “சிஸ்டர்தான் சார். ‘நீங்களே குடுங்க’ன்னாங்க.”

சொன்னது சொன்னபடியே இருந்தது, குழாயைத்தான் காணோம். தங்கச்சி ஒரே நொடியில் சிஸ்டர் ஆகிவிட்டாள். விசாரணை முடியும்வரை அவளைக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். வேலை இருக்குமா போகுமா என்று அங்கே தினமும் செத்துப் பிழைத்தாள்.

கொத்தனார் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அக்கா சிரித்த முகமாக அவளைத் தேடி வந்தாள்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“அவருக்கு ஒண்ணு ஆயிருந்தா அவங்க வீட்டுல என்னைப் படியேற விடுவாங்களா? உனக்கு வேலைதானே தங்கச்சி போகும்” என்று கையைப் பிடிக்க வந்தாள்.

“தொடாதீங்க” என்றாள் நர்ஸ்.