கை கட்டி நின்ற தியாகராசன்

தீயணைப்பு வேலையில் இருபத்தோரு வருடம் ஓட்டியும், தண்ணீர்க் குழாயைக் கண்டால் தியாகராசனுக்குக் கை பரபரக்கும். முன்னால் நின்று பீய்ச்சினால்தான் அவருக்கு வேலை செய்த மாதிரி இருக்கும். அன்று நிலைய அலுவலர் விடுப்பு. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் எரிகிறதென்று மதியம் அழைப்பு வந்தது. ஒரு வண்டி, நான்கு பேர், உத்தரவு போட இவர் ஒருவர்தான்.

போருக்குப் பத்தே முழம் தள்ளி நாகம்மாளின் கூரைவீடு. அந்த அம்மாளுக்கு உலகத்தில் வேறு கூரை கிடையாது. ஊர்க்காரர்களோ, அடி வைக்கோலையாவது மாடுகளுக்கு மிச்சம் பிடிக்கலாமென்று துறட்டியால் போரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய இடத்திலெல்லாம் காற்று புகுந்து தீ கொழுந்துவிட்டது.

தியாகராசன் எல்லாரையும் விலக்கினார். வண்டியிலிருந்த தண்ணீர் பத்து நிமிடத்துக்குத்தான் வரும். குழாய் பிடித்த ரஞ்சித்தை முதலில் கூரையை நனைக்கச் சொன்னார். இன்னொருவரை வாய்க்காலில் பம்பு இறக்க அனுப்பினார். பிறகு வீடும் போரும் நன்றாகத் தெரியும்படி வரப்பில் ஏறி, பரபரத்த கைகளைக் கட்டிக்கொண்டார்.

பக்கத்து வயல்காரர் அண்ணாதுரைக்குப் பொறுக்கவில்லை. “எரியுறது போருங்க. நீங்க வீட்டைக் குளிப்பாட்டிட்டு இருக்கீங்க. வேடிக்கை பார்க்கவா வண்டி கட்டிட்டு வந்தீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தியாகராசனுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நொடியில்தான் காற்று திரும்பியது. வீட்டின் பின்பக்கம், இன்னும் நனையாத ஓலை இடுக்கில், நூல் போல ஒரு புகை. முன்னால் நின்ற யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

“ரஞ்சித், பின்பக்கம் போ. ஓலை மேல அடி!”

ரஞ்சித் குழாயோடு ஓடினான். புகை சீறி அடங்கியது.

வாய்க்கால் தண்ணீர் வந்து போரின் தீ தணிந்ததும், தியாகராசனே ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார். இப்போது பிடுங்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக என்றார். முதல் துறட்டியோடு வந்தவர் அண்ணாதுரை. தலை நிமிரவில்லை. எரிந்துபோன வைக்கோலுக்கு ஈடாகத் தன் போரிலிருந்து இரண்டு வண்டி தருவதாக முணுமுணுத்தார்.

நாகம்மாள் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, முந்தானையைப் பிழிந்தபடி வெளியே வந்தாள்.

“அடுப்பு, பாய், அரிசி எல்லாம் நனைஞ்சு கெடக்கு தம்பி. இனி மூணு நாளைக்கு உங்க வீட்டுலதான் எனக்குச் சாப்பாடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்; சிரித்தபடியே அழுதாள். “வாங்கம்மா” என்றார் தியாகராசன். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.