கம்ப்யூட்டருக்குள் இருந்த வெள்ளைத் தூள்

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் சூளைக்குப் போகும் முன் பீங்கான் பொம்மைகளை நானும் மனைவியும் உப்புத்தாளால் தேய்ப்போம். காயும் பொம்மை மேல் காற்று அடித்தால் விரிசல் விடும் என்று ஜன்னலைத் திறக்கவே விடமாட்டேன்.

ஆர்டர் பார்க்கும் கம்ப்யூட்டரும் அங்கேதான். திடீரென்று அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து, மறுபடி எழ ஆரம்பித்தது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், பிளக்கை மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மெக்கானிக்கை அழைத்தேன்.

அவர் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஃபேனே தெரியவில்லை. பொம்மை தேய்த்த வெள்ளைத் தூள் அடை அடையாக அப்பியிருந்தது.

"காத்து போவ வழியே இல்லீங்க. சூடு தாங்காம தானா நிக்குது."

உள்ளறையில் மனைவி இருமினாள். அவர் கை அப்படியே நின்றது.

"அவங்களும் இந்த ரூமுலதான் வேலை செய்யறாங்களா?"

ஆறு மாத இருமல். மருந்துக்கடை டானிக்கோடு விட்டிருந்தேன். "ஜன்னலயாவது தொறந்து வுடுங்க" என்று அவள் கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

இப்போது ஜன்னல் திறந்தே கிடக்கிறது. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறது. அவள்தான் தெருக்குழாய்க்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். நுரையீரலில் படிந்தது இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டருக்கு மூன்றே நாளில் ஆள் கூப்பிட்டவன் நான்.