துடுப்பு இல்லாத ஆணி

போன் அடித்தபோது நான் கண்ணாடித்துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பூட்டி வைத்திருந்த நூதனசாலையின் திறப்பைப் பொலிஸ் அன்று காலைதான் திருப்பித் தந்திருந்தது. எங்கள் நூதனசாலையில் அடித்ததெல்லாம் சுவரில் தொங்கும். அன்று அடித்த போனை மட்டும் எந்த ஆணியில் மாட்டுவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து, எங்களோடு நூதனசாலையை நடத்தும் நஸீர் நானா. "பிள்ளை, கூட்டினது காணும். அக்கா போயிட்டா" என்றார். தும்புத்தடியை ஓங்கி, உடையாமல் மிஞ்சியிருந்த ஒரே யன்னல் கண்ணாடியையும் நொறுக்கினேன். பிறகு அதையும் கூட்டினேன்.

தயாபரி அக்காவின் தங்கச்சி ராதை அன்ரி, முப்பத்தோராம் நாளுக்கான இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் எனக்கும் இடம் தந்து, "பகிடி விடாமல் எழுது" என்று சொல்லியிருக்கிறார். முன்பக்கம் தேவாரம், நடுப்பக்கம் வம்சாவளி. மிச்சம் என்னிடம். பார்க்கிறேன், அன்ரி.

உங்களில் பலருக்கு அவர் படகு அக்கா. சல்லியிலிருந்து இலங்கைத்துறை வரை அவர் இலக்கமும் பெயரும் எழுதாத படகு குறைவு. அந்த உழைப்பில்தான் துறைமுகத்துப் பக்கம் பாழடைந்து கிடந்த ஐஸ் தொழிற்சாலையை எடுத்து 'கைவரிசை' நூதனசாலையைத் தொடங்கினார். உள்ளே ஓவியமும் இல்லை, சிலையும் இல்லை. ஒருவர் இன்னொருவரை அடித்த பொருள்கள் மட்டும். அடித்தவரே கொண்டுவரவேண்டும். அடித்தவரே தன் கையால் அட்டை எழுதவேண்டும். முதல் பொருள் அக்காவுடையது. 'பீங்கான் கோப்பை. அடிச்சவர்: தயாபரி. அடிபட்டவர்: தங்கச்சி ராதை, இடது புருவம். காரணம்: ஞாபகமில்லை.' பிறகு இடுப்புப்பட்டி வந்தது, ஹெல்மெற் வந்தது, பிரம்பு வந்தது, மூதூரிலிருந்து நசுங்கிய பானைமூடி ஒன்று வந்தது. காரணம் என்ற இடத்தில் பாதிப்பேர் அக்காவின் அட்டையைப் பார்த்து எழுதியது போலவே எழுதியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர், இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அக்கா கோபப்படவில்லை. "அடிக்க ஒரு நிமிசம் காணும், தம்பி. அதை எழுதத்தான் ஏலாமக் கிடக்கு. அந்த ஏலாமைதான் இஞ்ச வேலைப்பாடு" என்றார். வந்தவர் போகும்போது தன் குடையை விட்டுவிட்டுப் போனார். மறதியா, காணிக்கையா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

நான் அங்கே போனதற்கும் கன்னத்தில் விழுந்த ஓர் அறைதான் காரணம். சீனன்குடாப் பக்கம் நிற்கும் அறிவித்தல் பலகைகளைப் பார்த்து, எங்கள் ரியூசன் வாசலில் நானும் ஒன்று மாட்டினேன்: 'தடைசெய்யப்பட்ட வலயம். உள்ளே சிரிப்பவர்கள் சுடப்படுவார்கள்.' ரியூசன் சேர் என்னைத் தேடினார்; வீதியால் போன அக்காவும் பலகையைக் கண்டு ஆளைத் தேடி உள்ளே வந்தார். சேர் முந்திக்கொண்டார். காது கூவிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா, "எழுத்து வடிவில்லை. வாய் இருக்கு. நாளைக்கு வா" என்றார். சேரையும் விடவில்லை. "கையைக் கழட்டித் தர ஏலாதுதானே, சேர். அடிக்கேக்க கட்டியிருந்த மணிக்கூட்டைத் தாங்கோ." சேர் எப்படித்தான் கழற்றினாரோ, கழற்றிக் கொடுத்து, அட்டையும் எழுதினார். அந்த மணிக்கூடு இன்னும் எங்கள் சுவரில் ஓடுகிறது.

நூதனசாலையை நடத்திய ஐந்து பேரில் அக்கா தலைவர் அல்ல. மாதத்துக்கு ஒருவர் பணிப்பாளர். பெயர்களை மீன்பெட்டிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்போம். பணிப்பாளருக்கு ஓர் இரும்புக் கதிரை, ஒரு தும்புத்தடி, அவ்வளவுதான். "கத்திக்கொண்டு வாறவைக்கு முன்னால எழும்பி நிக்கிற ஆள்தான் பணிப்பாளர். வேற தகுதி தேவையில்லை" என்பார் அக்கா. கடைசியாகக் குலுக்கியபோது வந்தது என் பெயர். வீட்டில் என் சொல்லை நாய்கூடக் கேட்காது. இங்கே நான் பணிப்பாளர்.

அந்த மாதந்தான் படகுக்காரர் வந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுதவேண்டிய இடம் வேறு இருக்கிறது. வலை கிழிந்த ஆத்திரத்தில் தன் தம்பியின் கையைத் துடுப்பால் முறித்தவர். அந்தத் துடுப்பைத் தானே கொண்டுவந்து, தானே எழுதி, அழுதுவிட்டுப் போனவர். பிறகு சந்தையில் ஆட்கள் 'துடுப்பர்' என்று பட்டம் தெளிக்க, அழுத கண் சிவந்துவிட்டது. துடுப்பைத் தரச்சொல்லி ஆள் அனுப்பினார். அதற்கும் எங்களிடம் ஒரு விதி இருந்தது: அடிபட்டவர் வந்து ஓம் என்றால் எந்தப் பொருளையும் கொண்டுபோகலாம். தம்பி வரவில்லை. அண்ணன்தான் வந்தார், இரண்டு பேரோடு.

முதலில் யன்னல்கள் போயின. ராதை அன்ரியின் புருவத்தில் உடையாத கோப்பை அன்று தூளானது. பிரம்பால் அலுமாரிக் கண்ணாடியை அடித்தார்கள், ஹெல்மெற்றால் மின்குமிழ்களை அடித்தார்கள். எங்கள் சுவரில் சும்மா தொங்கிய ஒவ்வொரு பொருளும் தனக்குத் தெரிந்த வேலைக்குத் திரும்பிப் போனது. மறிக்கப் போன நஸீர் நானாவின் வாயில் ஒருவன் பானைமூடியால் அடித்தான். பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. படகுக்காரர் துடுப்பை ஆணியிலிருந்து ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு கதிரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆர் இஞ்ச பொறுப்பு?"

கதிரையில் இருந்தது நான். பதில் நாக்கு நுனியில் நின்றது, பாதி எழும்பியும் விட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்தி இருத்தியது.

"நான்தான்" என்று சொல்லிக்கொண்டு அக்கா எனக்கு முன்னால் வந்தார்.

பெயின்ற் காய்ந்த அவரது சட்டையின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. துடுப்பு இறங்கியது. அக்கா விழவில்லை. திரும்பவும் இறங்கியது. இரத்தம் என் பள்ளிக்கூடச் சட்டையில், கதிரைக் கையில், நான் கூட்டி வைத்திருந்த தரையில். வந்த மூன்று பேரும் ஓடிய பிறகு சேரின் மணிக்கூட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மாத விதியை அக்கா மீறியது அந்த ஒருமுறைதான்.

துடுப்பைப் பொலிஸ் கொண்டுபோய், இலக்கம் போட்டு, துண்டுச்சீட்டுக் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறது. அவர்களிடமும் ஒரு நூதனசாலை இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்னேன். சிரிக்கப் போய், வலியில் வாய் கோணியது. துடுப்பின் அட்டை சுவரில்தான் இருக்கிறது, அதில் தம்பியின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுதப்போகிறேன், ஊர் பார்க்கட்டும் என்றேன். அக்கா கண் திறக்கவில்லை.

"நீ எழுதாத. நீ எழுதினால் அது கோள். அவர் எழுதட்டும்."

என்னோடு அவர் கடைசியாகப் பேசியது அது.

செத்தவீட்டன்று பின்னேரம் படகை எரிக்கப் பெடியள் பெற்றோலோடு கரையில் நின்றார்கள். நானும் நின்றேன், நெருப்புப்பெட்டி என் கையில். நஸீர் நானா வீங்கிய வாயோடு குறுக்கே வந்தார். மறிக்கவில்லை. "எரிச்சுப்போட்டு நெருப்புப்பெட்டியை ஆர் கொண்டுவந்து மாட்டிறது, நீயோ?" என்று மட்டும் கேட்டார். அட்டையில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவேன் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குக் காரணம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் கை ஓங்குவதுதான் பயமாக இருந்தது. படகு இன்னும் கரையில் கிடக்கிறது, அதன் பக்கத்தில் அக்கா எழுதிய இலக்கத்தோடு.

விளக்கமறியல் சிறையில் இருக்கும் படகுக்காரரைப் பார்க்கப் போவது அவரது தம்பி மட்டும்தான், நேராக நீட்ட ஏலாத அந்தக் கையோடு. அண்ணன் எழுதட்டும் என்று துடுப்பின் அட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். புதிதாக ஒன்றும் எழுதப்படாமல் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்துவிட்டேன், மறுபடி வந்தது. போன கிழமை தம்பி வெறுங்கையோடு வந்தார். அண்ணன் தரமாட்டேன் என்றுவிட்டாராம். கிழித்துவிட்டாரோ என்று கேட்டேன்.

"இல்லை, பிள்ளை. வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

ஆணி வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் என் கண்ணாடித்துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். 'யன்னல். அடிச்சவர்: நான். அடிபட்டவர்: ஒருவருமில்லை. காரணம்: தயாபரி அக்கா.' எழுத்து இன்னும் வடிவில்லை.

மாதம் முடிந்தும் மீன்பெட்டியைக் குலுக்க ஒருவருக்கும் கை வரவில்லை; கதிரையில் இன்னும் நான். அக்காவின் தூரிகைகள் ராதை அன்ரியிடம், கோப்பையின் தூள் ஒரு போத்தலில். நான் எடுத்துக்கொண்டது கதிரைக்கு முன்னால் அக்கா சொன்ன அந்த ஒரு சொல். அன்று அதைச் சொல்லவேண்டியவள் நான். என் வாயிலிருந்து பறித்து அவர் சொன்னார். அதைத் திருப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.

நூதனசாலை திறந்துதான் இருக்கிறது. வாருங்கள், கத்திக்கொண்டும் வரலாம். ஆர் இஞ்ச பொறுப்பு என்று கேளுங்கள். எழும்பி நின்றுதான் பதில் சொல்வேன்.